ஓட்டு ஆளுக்கா கட்சிக்கா? கொஞ்சம் சொல்லுங்க மக்களே
எங்க தொகுதி எம்எல்ஏ மறுபடி நிக்கிறாரு, நல்ல மனுஷன், தெருவுக்குள்ள தண்ணி வந்தப்ப வேட்டிய மடிச்சு கட்டிட்டு ராத்திரி பூரா மோட்டார் பக்கத்துலயே நின்னாரு, ஆனா அவரு கட்சிய எனக்கு சுத்தமா புடிக்காது. வீட்டுக்காரர் என்னடான்னா 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்த காட்டி, சட்டசபைல ஓட்டு போடறப்ப கட்சிக் கொறடா (எப்படி ஓட்டு போடணும்னு கட்சி சார்பா உத்தரவு போடறவரு) சொல்றத மீறுனா பதவியே போயிடும், அப்புறம் ஆளு நல்லவரா இருந்து என்ன பண்ணங்கறாரு. அதுவும் சரிதான், மொத்தம் 234 எம்எல்ஏல 118 யாருகிட்டயோ அவங்க ஆட்சிதானே. எம்எல்ஏவோட பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையம் சைட்லயே பாத்துட்டேன், கேஸ் எதுவும் இல்ல. சட்டசபைல என்ன பேசுனாரு, தொகுதி நிதிய எதுக்கு செலவு பண்ணாருன்னு எங்க பாக்கறது? நீங்கல்லாம் எத வச்சு முடிவு பண்றீங்க? நோட்டா மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அது எவ்ளோ வாங்குனாலும் ரிசல்ட் மாறாது.