மோரா கொன்றாரா?

முகிலன்: “கோஸ்டா ரிகா அதிபர் ஹுவான் ரஃபேல் மோரா, காலராவைக் கொண்டுவந்து சொந்த மக்களையே கொன்றவர்” என்று பொன்னி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. கொன்றவராம்! பக்கத்து நாடான நிகராகுவாவைப் பிடித்து, பிறகு அங்கே அடிமை முறையையே திரும்பச் சட்டமாக்கிய அமெரிக்கக் கூலிப்படைத் தலைவர் வில்லியம் வாக்கரை எதிர்த்து, 1856 மார்ச்சில் படையோடு கிளம்பியவர் அவர். சான்டா ரோசாவில் வாக்கரின் ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஏப்ரல் 11 அன்று நிகராகுவாவின் ரிவாஸ் நகரிலும் அவர்கள் நிற்க முடியவில்லை.

பொன்னி: போர்க்கதை எனக்கும் தெரியும். ரிவாஸில் காலரா கண்டபின் படையை ஊருக்குத் திருப்பினாரா, இல்லையா? ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் பத்தில் ஒருவர் வரை மாண்டார்கள்.

முகிலன்: காலரா தண்ணீரால் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்நோ லண்டனில் எடுத்துக்காட்டியதே 1854இல்தான். மருத்துவர்களே அதை நம்பாத காலம். துணை அதிபர் ஒரேயமுனோவும் அதே காலராவில்தான் இறந்தார். அவரையும் மோராதான் கொன்றாரா?

பொன்னி: திருப்பினாரா, இல்லையா?

கடலோடி: இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மோரா வீழ்ந்தது காலராவால் அல்ல. பெரும் காப்பி வணிகர்களின் பகையால். அவர் தேசிய வங்கி தொடங்கியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1859இல் அவரைக் கவிழ்த்துவிட்டுப் பதவியில் அமர்ந்த மோன்டேயலெக்ரே அவருடைய தங்கை கணவர்!

முகிலன்: கடலோடி, இங்கே பேச்சு காலராவைப் பற்றியது.

பொன்னி: எனக்கு இன்னும் பதில் வரவில்லை. நடக்க முடியாத நோயாளிகளை ரிவாஸிலேயே விட்டு, “இவர்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்” என்று தளபதி கான்யாஸ் வாக்கருக்கே கடிதம் எழுதினார். எதிரியிடம் ஒப்படைத்துவிட்டு வந்த படைக்கு வீரப் பட்டமா?

முகிலன்: அதே கான்யாஸ்தான் திரும்பவும் நிகராகுவா போய்ச் சண்டையிட்டார். 1857 மே 1 அன்று வாக்கர் சரணடைந்ததை ஏன் எழுதவில்லை? 1860 செப்டம்பரில் மோரா நாடு திரும்ப முயன்றபோது புண்டரெனாஸ் துறைமுகத்தில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில் கான்யாஸையும் சுட்டார்கள். கொலை என்றால் அது கொலை. 2010இல் அந்த நாட்டுச் சட்டமன்றமே மோராவைத் தேசிய வீரர் என்று அறிவித்துவிட்டது. உங்களுக்கு மட்டும் அவர் கொலைகாரர்!

பொன்னி: சட்டமன்றம் அறிவித்தால் செத்தவர்கள் எழுந்துவிடுவார்களா? படையைத் திருப்பினாரா, இல்லையா?

முகிலன்: மேலே எழுதியதை முதலிலிருந்து படியுங்கள்.

பொன்னி: மூன்று முறை படித்துவிட்டேன். அதில் பதில் இல்லை.