ஷெட்டில் நிற்கும் கார்: பேட்டரி அடிக்கடி இறங்குகிறது, ஆல்டர்நேட்டர்தான் காரணமா?

கேள்வி:
அண்ணன் துபாயில் இருப்பதால் அவருடைய டீசல் கார் தூத்துக்குடி வீட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. புது பேட்டரி போட்டும் மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது, ஜம்ப் கொடுத்து எடுத்தால் ஒரு நாள் பவர் விண்டோ வேலை செய்யாது, இன்னொரு நாள் மீட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது. மெக்கானிக் ஆல்டர்நேட்டரை (என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்:
அவசரப்படாதீங்க. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் அளவில் வந்தால் ஆல்டர்நேட்டர் பெரும்பாலும் சரிதான். வண்டி நிற்கும்போது கரண்ட் எங்கே போகிறது என்று பாருங்க. மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையில் மல்டிமீட்டரை (கரண்ட், வோல்ட் அளக்கும் கருவி) 10 ஆம்பியர் அளவில் இணைத்து, கதவையெல்லாம் பூட்டி அரை மணி நேரமாவது விடுங்க, ஏனென்றால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகலாம். அப்புறமும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்க, எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. மல்டிமீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்யாதீங்க, அதன் ஃபியூஸ் போய்விடும்.

பதில்:
கடலோர ஊராச்சே, பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்க. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான், அடுத்தது ஒயரைக் கடிக்கும் எலி.

பதில்:
வெளியே வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் ஏதாவது இருக்கிறதா? வண்டி நிற்கும்போதும் அவை கரண்ட் இழுக்கலாம். கணக்குப் போட்டால் 50 மில்லி ஆம்பியரே நாளுக்கு 1.2 ஆம்பியர் ஹவர் தின்னும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் மைனஸைக் கழற்றியே வைங்க.

கேள்வி கேட்டவர்:
ஜிபிஎஸ் இருக்கு! ஞாயிற்றுக்கிழமை அந்த ஃபியூஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.