புதுப்பிப்பு: ராகிக் களி ஏன் கட்டி விழுகிறது?

ராத்திரிக்குச் சட்டென்று ஆகிற சாப்பாடு பற்றிய என் இழையில், ஒரு டம்ளர் ராகி மாவுக்குக் கால் டம்ளர் நொய், மூன்று டம்ளர் தண்ணீர் என்று சொல்லியிருந்தேன். "கட்டி கட்டியா வருதே" என்றுதான் பலரும் கேட்டிருந்தீர்கள்.

அவசரப்பட்டுக் கிண்டுவதுதான் காரணம். நொய் வெந்து தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்ட வேண்டாம். கரண்டிக் காம்பால் அடிவரை நாலு ஓட்டை போட்டு, மூடி, சிறுதீயில் எட்டு நிமிடம். ஓட்டை வழியே ஆவி ஏறித்தான் உள்மாவு வேகும். முன்பே கிளறினால் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்ள, உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். பிறகு இறக்கி, துடுப்பால் பாத்திர ஓரத்தில் அழுத்திக் கிண்டுங்கள். ஈரக்கையில் ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் அடுப்பில் வையுங்கள்.

வேலை முடிந்து வந்து நொய் வேகக் காத்திருக்க முடியாதா? மதியச் சோறு ஒரு கைப்பிடியை மசித்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் மிச்சம்.

தொட்டுக்கொள்ள, தர்மபுரிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிற நிலக்கடலையில் சட்னி போதும். மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் மோர் ஊற்றிக் கரைத்தால் கூழ்.