நியூயார்க்கில் மறைந்த ஸ்கேட்டிங் அரங்குகள்: ஒரு புதுப்பிப்பு

சக்கரக் காலணி அணிந்து இசைக்கு ஆடும் நியூயார்க் நகரின் ரோலர் டிஸ்கோ, மன்ஹாட்டனின் ராக்ஸி அரங்கில் பிறந்தது என்று முன்பு எழுதியிருந்தேன், அது பிழை. அதற்கு வெகுகாலம் முன்பே, 1941-இல் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், எபெட்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு அருகே தொடங்கப்பட்ட எம்பயர் ரோலர்டிரோம் அரங்கே அந்தப் பெருமைக்கு உரியது. ஆர்கன் இசைக்கு ஏற்ப மக்கள் நிதானமாகச் சுற்றிவந்த அந்தத் தளத்துக்கு 1957-இல் வந்துசேர்ந்த பில் பட்லர் என்ற கறுப்பினக் கலைஞர், ஜாஸ் இசைத்தட்டுகளின் தாளத்துக்கு முழங்காலை மடக்கி, உடலை வளைத்து ஆடும் ‘ஜாமிங்’ பாணியை அங்கே வளர்த்தெடுத்தார். 1970-களின் இறுதியில் ராக்ஸி திறக்கப்பட்டபோது, புரூக்ளினில் அந்த ஆட்டம் ஏற்கெனவே முதிர்ந்திருந்தது. (புகழ் மட்டும் மன்ஹாட்டனுக்குப் போனது, நியூயார்க்கில் இப்படி நடப்பது புதிதல்ல.)

மூடுவிழாவிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே சென்றன: 2007 மார்ச்சில் ராக்ஸி, ஏப்ரலில் எம்பயர். நகரின் பிராங்க்ஸ் பகுதியில் இருந்த ஸ்கேட் கீ அரங்கு அதற்கு முன்னரே மூடப்பட்டுவிட்டது. பெரிய தூண்களற்ற தளம் தேவைப்படும் இத்தொழிலால், ஏறிய நிலமதிப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே என் கணிப்பு. இடமிழந்தவர்களுள் பலர் சென்ட்ரல் பூங்காவின் திறந்தவெளி வட்டத்தில் ஆடுகிறார்கள். ஆனால் மழையும் பனியும் வந்தால் அங்கே கூரை கிடையாது.