சுவரை மூடிவிட்ட கொடி ரோஜா: எப்போது, எங்கே வெட்டுவது?

கேள்வி:
வீட்டோட ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கொடி ரோஜா. பல வருஷமா கவாத்தே பண்ணல. ஆள் உயரம் வரைக்கும் மொட்டைத் தண்டு, அதுக்கு மேல ஒரே புதர். ரெண்டு மூணு தண்டு கூரை ஓட்டுக்கு அடியில நுழைஞ்சிடுச்சு. வருஷத்துல ஒரே தடவை சின்னச் சின்னப் பூவா கொத்துக் கொத்தா பூக்கும். தரையோட வெட்டிடலாமா, இல்ல நுனியை மட்டும் சீவிவிட்டா போதுமா?

பதில் 1:
நுனியை மட்டும் சீவாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் நாலைந்து துளிர் கிளம்பும். புதர் இன்னும் அடர்ந்து, அடித்தண்டுக்கு வெளிச்சமே கிடைக்காது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ராம்ப்ளர் வகை. போன வருஷம் வளர்ந்த தண்டில்தான் இந்த வருஷம் பூக்கும். அதனால் பூ உதிர்ந்த கையோடு வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு வளரும் தண்டில்தான் அடுத்த வருஷப் பூ வரும். பூக்கும் பருவம் நெருங்கும்போது வெட்டினால் அந்த வருஷப் பூவையே வெட்டிப் போட்டதாக ஆகும். உங்களுடையதுபோல் மண்டிக் கிடக்கும் செடிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. இலை உதிர்ந்து செடி ஓய்ந்திருக்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு பருவப் பூ குறைந்தாலும் அப்போது வெட்டுவது சுலபம்.

பட்டை சாம்பல் பூத்து, வெடித்து, கட்டை விரலைவிடப் பருத்திருந்தால் கிழத்தண்டு. பச்சையாக வழுவழுப்பாக வளைந்து கொடுப்பது இளசு. கிழத்தண்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த முறை தூரோடு எடுங்கள். மீதி அடுத்த இரண்டு வருஷத்தில்.

பதில் 2:
மூணு வருஷம் இழுக்கணும்னு இல்லைங்க. செடி திடமா இருந்தா, இளந்தண்டு நாலுலேருந்து ஆறு வரைக்கும் வெச்சுக்கிட்டு மத்ததை ஒரே தடவையில எடுத்துடலாம். அடியில இளசே இல்லைன்னா மட்டும் மேலே சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா போங்க.

வெட்டுறதைவிட வெளியே எடுக்குறதுதான் வேலை. தூர்ல வெட்டிட்டு முழுத் தண்டையும் இழுத்தா, முள்ளு பக்கத்து இளந்தண்டைக் கிழிச்சிடும், சுவர்ப் பூச்சும் பேந்து வரும். மேலேருந்து முழம் முழமா துண்டு போட்டு எடுங்க. கட்டை அவிழ்க்கும்போது வளைஞ்சிருந்த தண்டு சடார்னு முகத்துல அடிக்கும். கண்ணாடி, முழங்கை வரைக்கும் தோல் கையுறை ரெண்டும் கட்டாயம். ஏணியை மழைத்தண்ணிக் குழாய்மேல சாய்க்காதீங்க.

ஓட்டுக்கு அடியில போனதைப் பிடுங்கினா ஓடே தூக்கிக்கிட்டு வரும். வெளியிலேயே வெட்டி ஒரு வாரம் வாடவிட்டு, அப்புறம் உருவுங்க. அப்படியே விட்டாலும் ஆபத்துதான், தண்டு பருக்கப் பருக்க ஓட்டை நெம்பிடும். வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளே பறவைக் கூடு இருக்கான்னு பாருங்க, குஞ்சு இருந்தா வேலையைத் தள்ளிப்போடுங்க.

விரல் தடிமன் வரைக்கும் கவாத்துக் கத்தரி, அதுக்கு மேல மடக்கு ரம்பம். தூர்ல கட்டை துருத்திக்கிட்டு நிக்க விடாதீங்க. அது காய்ஞ்சு, அழுகல் அதுவழியா அடிமரத்துக்கே இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இலை உதிர்ந்ததும் ஆரம்பிக்கிறேன். ஒரு சந்தேகம். மண்ணுக்குள்ளேருந்து வேற சாயல்ல ரெண்டு தண்டு வருது, அதுல ஏழு ஏழு இலை இருக்கு. அது வேர்ச்செடியோட, அதாவது ரோஜாவை ஒட்டுக்கட்டின அடிச்செடியோட துளிர்தானே?

பதில் 1:
ஏழு இலைக் கணக்கை நம்ப வேண்டாம். ராம்ப்ளர்களில் பலவற்றுக்கே ஏழு சிற்றிலைகள் இருக்கும். மண்ணைத் தோண்டி அது எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து வந்தால் வேர்ச்செடிதான். அதை வெட்டாமல், பிறக்கும் இடத்தோடு கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடியில் உறங்கும் மொட்டுகள் நாலாகக் கிளம்பும். முடிச்சுக்கு மேலிருந்து வந்தால் அதுதான் நீங்கள் தேடும் இளந்தண்டு, பத்திரம். செடி ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்பதானால் மண்ணிலிருந்து வருவதெல்லாம் நல்லதுதான்.

முள்ளே இல்லாத, மஞ்சள் அல்லது வெள்ளைக் கொத்துப் பூ பூக்கும் பாங்சியா வகையாக இருந்தால் மட்டும் இவ்வளவு கடுமை கூடாது. அது இரண்டு, மூன்று வயதுக் கிளைகளில் பூக்கும்.

பதில் 3:
வெட்டிய பிறகு கட்டுவதில்தான் பூவின் கணக்கு இருக்கிறது. தண்டு செங்குத்தாக நின்றால் நுனி மொட்டு கீழே உள்ளவற்றை அடக்கி வைக்கும், பூவெல்லாம் உச்சியிலேயே போய்விடும். படுக்கையாக, விசிறிபோல் விரித்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக்கிளை விடும். வைத்துக்கொண்ட தண்டுகளில் பூத்து முடிந்த பக்கக்கிளைகளை இரண்டு மூன்று மொட்டு விட்டு வெட்டுங்கள்.

சுவரிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளி, 30 முதல் 45 செ.மீ. இடைவெளியில் துருப்பிடிக்காத கம்பி இழுங்கள். அந்தச் சந்தில் காற்று ஓடாவிட்டால் இலையில் வெள்ளைச் சாம்பல் நோய் வந்துவிடும். தண்டைக் கம்பிக்குப் பின்னால் செருகாமல், முன்பக்கமாகவே வைத்துக் கட்டுங்கள். செருகினால் பருத்த பிறகு எடுக்கவே முடியாது. கட்டுக்கு மெல்லிய சணல், எட்டு வடிவில், தளர்வாக.

மட்கிய தொழுஉரத்தை 5 செ.மீ. மூடாக்காகப் போடுங்கள், தூரில் படாமல் ஒரு சாண் தள்ளி. யூரியா வேண்டாம், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகும் கொழுத்த இலைதான் வரும். அடுத்த பருவத்தில் பூவே இல்லாமல் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குத் தண்டு ஓடினால் நுனியைக் கிள்ளாதீர்கள். பச்சையாக வளையும்போதே கம்பியில் படுக்க வைத்துக் கட்டுங்கள், அதற்கடுத்த பருவத்தின் பூ அதில்தான் வரும்.