குடும்பக் குழு: ஜோலோக்கியா பழுத்துவிட்டது

செந்தில், காலை 7:12
[படம்]
மாடியில் ஜோலோக்கியா மிளகாய் பழுத்துவிட்டது. ஆடியில் விதை போட்டது, தையில்தான் கைக்கு வந்திருக்கிறது.

சித்தி, 7:15
என்ன தம்பி, தோலெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது? வாடிப்போனதையா பறித்தாய்?

செந்தில், 7:16
வாடவில்லை சித்தி. அந்த இனத்தின் தோலே அப்படித்தான், சொரசொரவென்று இருக்கும்.

முருகேசன் மாமா, 7:24
மாப்பிள்ளை, நாகாலாந்தில் திமாப்பூரில் பணியில் இருந்தபோது இதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ராஜா மிளகாய் என்பார்கள். அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையிலேயே உலர்த்துவார்கள். மூங்கில் குருத்துப் போட்ட பன்றிக்கறியில் ஒரே ஒரு பழம் விழும். பந்தியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடும்.

அருண், 7:31
அண்ணா, உலகத்திலேயே காரமானது இதுதானே?

செந்தில், 7:35
ஒரு காலத்தில். 2007இல் கின்னஸ் பட்டம் இதற்கு, பத்து லட்சத்துச் சொச்சம் ஸ்கோவில். பிறகு பலதும் வந்து போய், 2013இல் கரோலினா ரீப்பர், 2023இல் பெப்பர் எக்ஸ். அது ஏறக்குறைய 27 லட்சம். கடைசி இரண்டையும் உருவாக்கியவர் ஒருவரே, தென் கரோலினாவின் எட் கரி.

மீனாட்சி அத்தை, 7:40
ஸ்கோவில் என்பது படியா, மரக்காலா?

கவிதா, 7:44
ஒரு மனிதரின் பெயர் அத்தை. வில்பர் ஸ்கோவில், அமெரிக்க மருந்தாளர். 1912இல் மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஆட்களுக்குக் கொடுத்தார். நாக்கில் காரம் தெரியாமல் போகும்வரை எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருந்ததோ, அதுதான் எண். இப்போது நாக்கை நம்புவதில்லை, மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் என்ற பொருளைக் கருவியில் அளக்கிறார்கள்.

மீனாட்சி அத்தை, 7:46
அந்த நாக்குக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார்களா?

அருண், 7:50
அண்ணா, எனக்கு நான்கு பழம் மட்டும். விடுதியில் பந்தயம்.

சித்தி, 7:50
விடுதிக்கு ஒரு காம்பு கூடப் போகாது.

கவிதா, 7:55
அருண், ரீப்பர் தின்னும் போட்டியில் கலந்துகொண்ட ஒருவருக்கு இடி விழுந்த மாதிரித் தலைவலி வந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2018இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

அருண், 7:56
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செந்தில், 8:02
பச்சையாக யாருக்கும் தருவதாக இல்லை. எல்லாம் சாஸுக்குத்தான். ஒன்று சொல்கிறேன், இதன் பெருமை அந்த எண்ணில் இல்லை. நறுக்கிப் பாருங்கள், முதலில் வருவது பழ வாசனை. நம் காந்தாரி மிளகாயில் காரம் உண்டு, இந்த மணம் கிடையாது. எண்ணைத் துரத்துகிறவர்கள் மூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சித்தி, 8:10
அது இருக்கட்டும். என் தொட்டியில் சாதாரண மிளகாயே பூ கொட்டுகிறது, இலை சுருண்டுபோகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் பயனில்லை.

செந்தில், 8:17
இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டும் இலையின் அடியில்தான் குடியிருக்கும். மேலே மட்டும் தெளித்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. வேப்பெண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள்.

செந்தில், 8:19
பூ கொட்டுவதற்கு வெயில் காரணமாக இருக்கலாம். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் காய் பிடிக்காது, ஜோலோக்கியா இன்னும் செல்லம். அதனால்தான் நான் ஆடியில் விதைத்தேன், பூ பூக்கும்போது குளிர் வந்துவிடும். சித்திரையில் எப்படியும் நிழல் வலை வேண்டும். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்த தேமோர் கரைசலும் தெளித்துப் பாருங்கள்.

சித்தி, 8:21
இன்னொன்று. இதன் பக்கத்தில் குடைமிளகாய் வைத்தால் அதுவும் காரமாகிவிடும் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.

கவிதா, 8:25
ஆகாது சித்தி. பழம் தாய்ச் செடியுடையது. மகரந்தம் கலந்தால் உள்ளே இருக்கும் விதைதான் மாறும். அந்த விதையைப் போட்டு அடுத்த ஆண்டு முளைத்தால் வம்பு வரலாம்.

மீனாட்சி அத்தை, 8:40
கண்ணு, சாஸ் எப்படிச் செய்யப் போகிறாய்? நேரே வினிகரில் வேகவைத்து அரைத்துவிடாதே. அது வெறும் எரிச்சல். உப்பில் ஊறினால்தான் ருசி. வடுமாங்காய் போடுவதில்லையா, அந்த வேலைதான்.

செந்தில், 8:46
அதேதான் அத்தை. ஜோலோக்கியா 50 கிராம். மீதி 250 கிராம் சிவப்புக் குடைமிளகாய், காரட், சின்ன வெங்காயம், பூண்டு. கொதித்து ஆறிய தண்ணீர் 300 மில்லி. எல்லாம் சேர்ந்த எடையில் 3 சதவீதம் உப்பு, அதாவது 18 கிராம்.

மீனாட்சி அத்தை, 8:48
18 கிராமா! ஒரு கை அள்ளிப் போடு. நாற்பது வருடமாக என் கை தவறியதில்லை.

கவிதா, 8:52
அத்தை, உங்கள் கை அளவில் வடுமாங்காய்க்கு உப்பு ஏகமாக விழும், அதனால் கெடுவதில்லை. இவ்வளவு குறைந்த உப்பில் நிறுக்காமல் போட்டால் ஆபத்து. கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை கிடையாது. உப்பு குறைந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். மிகுந்தால் புளிக்க வைக்கும் நல்ல கிருமிகளே சோம்பிவிடும்.

முருகேசன் மாமா, 8:53
உங்கள் அத்தையின் கையை எதிர்த்து இந்த வீட்டில் இதுவரை யாரும் வாதாடியதில்லை. வாழ்த்துகள் கவிதா.

செந்தில், 8:58
காய்களெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலே ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தை அழுத்தி வைப்பேன். வாயு கிளம்பும், தினமும் மூடியைத் தளர்த்தி விட வேண்டும்; இல்லாவிட்டால் புட்டி வெடிக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு இரண்டு வாரத்திலேயே நன்றாகப் புளிக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் டபாஸ்கோ சாஸ் செய்கிறவர்கள் மிளகாய் விழுதை உப்போடு மரப்பீப்பாயில் மூன்று ஆண்டு வரை வைக்கிறார்களாம். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சித்தி, 9:03
மேலே வெள்ளையாகப் பூத்தால்?

கவிதா, 9:07
தட்டையாக, மெல்லிய ஆடையாக இருந்தால் ஈஸ்ட்தான், வழித்து எறியலாம். பஞ்சு மாதிரி முடி முடியாக, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சை. அப்போது மேலே மட்டும் வழிக்கிற வேலை வேண்டாம், மொத்தமும் குப்பைக்கு.

சித்தி, 9:10
ஊறுகாய் மாதிரி மேலே நல்லெண்ணெய் ஊற்றிவிட்டால் கெடாதே?

கவிதா, 9:16
வேண்டவே வேண்டாம். மாங்காயில் இயல்பாகவே புளிப்பு இருக்கிறது, உப்பும் நிறையப் போடுகிறோம். இங்கே இரண்டும் குறைவு. பூண்டு போட்டு, எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் வைத்தால் பொட்டுலினம் என்ற கிருமி நஞ்சை உண்டாக்க இடம் கொடுக்கும். புளிப்பைக் காட்டும் எண் பிஎச், புளிப்பு ஏற ஏற அது இறங்கும். அது 4.6க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. அண்ணா, நீங்கள் 4க்குக் கீழே கொண்டுவாருங்கள். மருந்துக்கடையில் பிஎச் காகிதம் வாங்கினால் போதாது, அளக்கும் கருவியை நான் கொண்டுவருகிறேன்.

செந்தில், 9:20
புளித்த பிறகு அரைத்து, வினிகர் கலந்து ஒரு கொதி விடுவேன். அதை வீட்டுக்குள் செய்வதாக இல்லை. மாடியில் ஒற்றை அடுப்பு. நாலு வரமிளகாய் கருகினாலே தெருவே தும்மும், இது கொதித்தால் கமறல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மீனாட்சி அத்தை, 9:22
கையுறை போடு. வெறுங்கையால் நறுக்கிவிட்டுக் கண்ணைத் தொடாதே. விதையைத் தட்டி எடுத்துவிட்டால் காரம் குறையும்.

கவிதா, 9:25
விதையில் காரம் இல்லை அத்தை. அதைப் பிடித்திருக்கும் வெள்ளைத் தண்டில்தான் எல்லாம் இருக்கிறது, விதைக்கு ஒட்டுவது அதிலிருந்துதான். கையில் பட்டால் முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சோப்பு. தண்ணீரில் காப்சைசின் கரையாது. வாயில் பட்டால் பாலோ தயிரோ.

முருகேசன் மாமா, 9:31
மாப்பிள்ளை, முடிந்ததும் பெரிய புட்டி எனக்கு. தோசைக்குத் தொட்டுக்கொள்ள.

மீனாட்சி அத்தை, 9:32
இவருக்கு வயிற்றுப் புண் இருக்கிறது. சின்னப் புட்டி போதும், அதுவும் என் பெயருக்கு அனுப்பு.

செந்தில், 9:35
சரி அத்தை. மிக்சி ஜார் ஒன்று பழையது இருந்தால் தாருங்கள். இதை அரைத்த ஜாரில் பிறகு தேங்காய்ச் சட்னி அரைக்க அம்மா விடமாட்டார்.

மீனாட்சி அத்தை, 9:36
பரணில் ஒன்று கிடக்கிறது, பிளேடு மழுங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி வந்தால் எடுத்துக்கொண்டு போ. தராசையும் கொண்டுவா, என் கை எத்தனை கிராம் என்று பார்த்துவிடலாம்.