பி.எஸ்.டபிள்யூவா, ஆர்.பி.என்னா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிறேன். சின்னவன் இந்த வருடம்தான் பள்ளிக்கூடம் தொடங்குகிறான். தாதித்துறைக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டேன், பி.எஸ்.டபிள்யூ (முதியோர், நோயாளரின் அன்றாடத் தேவைகளைப் பார்க்கும் பராமரிப்பாளர்) படிப்பா, ஆர்.பி.என் (டிப்ளோமா முடித்துப் பதிவு பெறும் தாதி) படிப்பா என்பதில்தான் குழப்பம்.

பி.எஸ்.டபிள்யூ என்றால் ஒரு வருடத்துக்குள் முடித்து வேலைக்குப் போகலாம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஆளைத் தூக்கி நகர்த்துவது என்று உடம்பு முறியும் வேலை. முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் சம்பளத்தில் மணிக்கு 3 டொலர் கூட்டியதை 2022இல் ஒன்டாரியோ அரசு நிரந்தரமாக்கியது. என்றாலும் முழுநேர வேலை உடனே கிடைக்காதாம், கூப்பிட்டால் போகிற ஷிஃப்ட்தானாம்.

ஆர்.பி.என்னுக்கு இரண்டு வருட டிப்ளோமா, பிறகு ரெக்ஸ்-பி.என் என்ற தகுதிப் பரீட்சை, தாதியருக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பான காலேஜ் ஆஃப் நர்சஸில் பதிவு. மருந்து, ஊசி, காயத்துக்குக் கட்டு எல்லாம் நம் பொறுப்பு. அதற்குப் பயமில்லை. இரண்டு வருடம் ஒரு சம்பளத்தில் வாடகை கட்டுவதுதான் பயம். அரசின் லேர்ன் அண்ட் ஸ்டே உதவித்தொகை கட்டணத்தையும் புத்தகச் செலவையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் அது ஒன்டாரியோவின் வடக்கு, கிழக்கு, தென்மேற்குப் பகுதிகளில் படிப்பவர்களுக்குத்தான். ரொறன்ரோவை விட்டு வர இவர் சம்மதிக்கவே மாட்டார்!

முதலில் பி.எஸ்.டபிள்யூ செய், பிறகு பிரிட்ஜிங்கில் (முன்பு படித்ததைக் கணக்கில் எடுத்து அடுத்த தகுதிக்குக் கொண்டுபோகும் படிப்பு) ஆர்.பி.என் ஆகலாம் என்கிறா மாமி. அப்படி உண்மையிலேயே போனவர்கள் இருக்கிறீர்களா? வேலை செய்துகொண்டே படிக்க முடிந்ததா? படிப்புக் காலம் எவ்வளவு குறைந்தது? அப்புறம், நான் ஊரில் ஏ.எல் வர்த்தகப் பிரிவு, உயிரியல் படிக்கவில்லை. கிரேட் 12 உயிரியலை இங்கே பெரியவர்களுக்கான பள்ளியில் எடுத்தவர்கள், எங்கே எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.